காதல் வேண்டாம், ரேட்டைச் சொல்லுங்கள்

கைக்குள் அடங்கும் கேம் கன்சோல் ஒன்று புதிதாக வரும்போதெல்லாம் அதை விற்கும் நிறுவனம் ஒரே வசனத்தைத்தான் பேசுகிறது. சின்னப் படைப்பாளிகள்தான் எங்கள் உயிர்மூச்சு என்கிறது. டீ-ஷர்ட் போட்ட ஒருவர் மேடையேறி, இரண்டு பேர் சேர்ந்து படுக்கையறையில் செய்த கேம் ஒன்றைக் காட்டிக் குரல் தழுதழுப்பார். கைதட்டல் எழும். கோயம்புத்தூரில் ராத்திரி பதினோரு மணிக்கு யூட்யூபில் அதைப் பார்க்கிற நாம், "அடுத்தது நம்மதான்டா" என்று நண்பனுக்கு மெசேஜ் தட்டுவோம்.

இந்தக் கட்டுரை அந்த மெசேஜுக்கு எதிரானது. அடுத்தது நாமாக இருக்கலாம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கூப்பிடுகிறவர் எதற்குக் கூப்பிடுகிறார், என்ன தருவார், எத்தனை வருஷத்துக்குத் தருவார் என்று ஒரு வார்த்தை கேட்காமல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறோமே, அதைத்தான் சொல்கிறேன். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற ஊர் இது. கன்சோல் கம்பெனி என்றால் மட்டும் நமக்கு வெட்கம் வந்துவிடுகிறது.

முதலில், ஏன் கூப்பிடுகிறார்கள் என்று பார்ப்போம். கேம் இல்லாத கன்சோல் வெறும் செங்கல். வாங்குகிறவர் கேம் வரட்டும் என்று காத்திருப்பார். பெரிய கேம் கம்பெனி, வாங்குகிறவர்கள் சேரட்டும் என்று காத்திருக்கும். இப்படி இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் கடையை மூட வேண்டியதுதான். கையடக்கக் கன்சோலுக்கு இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். சின்னத் திரை, சின்ன பேட்டரி, சக்தி குறைந்த சிப். டிவியில் ஓடுகிற பெரிய கேமை அதற்குள் அடக்க ஓர் அணியை மாதக்கணக்கில் சம்பளம் கொடுத்து உட்காரவைக்க வேண்டும். இரண்டு பேர் செய்த இருபரிமாண கேமுக்கு அந்தப் பாடு இல்லை. பஸ்ஸில் இருபது நிமிஷம் ஆடிவிட்டு மூடிவைக்கத் தோதானது. அந்தத் திரைக்கென்றே பிறந்ததுபோல உட்காரும். முக்கியமாக, செய்த செலவும் தோற்றால் வரும் நஷ்டமும் அந்த இரண்டு பேருடையது. கம்பெனிக்கு அலமாரி இலவசமாக நிரம்புகிறது.

ஆக, கன்சோல் வந்த முதல் இரண்டு மூன்று வருஷம் அவர்களுக்கு நம் தேவை இருக்கிறது. அந்தச் சமயத்தில்தான் நாம் பேரம் பேச முடியும். நாமோ அந்தச் சமயத்தில்தான் காதலில் இருக்கிறோம்.

வரலாற்றைப் பார்த்தால் இது தெளிவாகவே தெரியும். சோனியின் பிஎஸ்பி 2004 டிசம்பரில் ஜப்பானில் வந்தது. சின்ன கேம்களுக்கென்று 'மினிஸ்' என்ற வாசலைத் திறந்தது 2009 அக்டோபரில். அதாவது ஆப்பிளின் ஆப் ஸ்டோர் வந்து சின்ன கேம்களையெல்லாம் ஃபோனுக்கு அள்ளிக்கொண்டு போன பிறகு. 2011 டிசம்பரில் வீட்டா வந்தது. 2012இல் 'பிளேஸ்டேஷன் மொபைல்' என்ற திட்டம். வருஷத்துக்கு 99 டாலர் கட்டினால் யார் வேண்டுமானாலும் வீட்டாவுக்கு கேம் செய்து விற்கலாம் என்றார்கள், பிறகு அந்தக் கட்டணத்தையும் விட்டுக்கொடுத்தார்கள். 2015 ஜூலையில் அந்தக் கடை மூடியது. அந்த செப்டம்பருக்குப் பிறகு, காசு கொடுத்து வாங்கியவர்களாலேயே கேமை மறுபடி இறக்கிக்கொள்ள முடியவில்லை. மொத்தம் மூன்று வருஷம். 2019 மார்ச்சில் வீட்டாவின் உற்பத்தியே நின்றது. நின்டெண்டோ மட்டும் என்ன, 3டிஎஸ் கன்சோலின் இணையக் கடையை 2023 மார்ச் 27ஆம் தேதி மூடிவிட்டது.

நியாயமாகப் பேச வேண்டும் என்றால் இதையும் சொல்ல வேண்டும். வீட்டா காலத்தில் சோனியின் ஐரோப்பியப் பிரிவில் ஷாஹித் அகமது போன்றவர்கள் சின்ன அணிகளைத் தேடிப் போய்ப் பேசினார்கள். 'ஓலிஓலி' போன்ற அருமையான கேம்கள் முதலில் வீட்டாவில்தான் வந்தன. அந்த மனிதர்களின் அன்பு பொய் இல்லை. ஆனால் ஒரு மேனேஜரின் அன்பு கம்பெனியின் ஒப்பந்தம் ஆகாது. மேனேஜர் மாறுவார், கம்பெனியின் கணக்கு மாறும், கடை மூடும். உங்கள் கேம் அதற்குள் இருக்கும்.

*

இனி நம்மூருக்கு வருகிறேன்.

2023 ஜூலை 31 அன்று 'வெண்பா' வெளியானது. 1988இல் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம், இட்லி, புட்டு, அழிந்துபோன எழுத்துகளோடு ஓர் அம்மாவின் சமையல் குறிப்பேடு. நின்டெண்டோ ஸ்விட்சைக் கையில் பிடித்துக்கொண்டு இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்று அமெரிக்காக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 2024இல் தனிப்படைப்பாளிகளுக்கான ஐஜிஎஃப் விழாவின் பெரும்பரிசும், பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருதும் அதற்குக் கிடைத்தன. தமிழை ஒரு கன்சோலில் ஆட முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது.

அதைச் செய்த விசை கேம்ஸ் இருப்பது டொரோண்டோவில். ஏன் கோவையில் இல்லை?

"நம்மகிட்ட அந்த லெவல் டேலண்ட் இல்லீங்க" என்பது வழக்கமான பதில். சோம்பேறித்தனமான பதில் அது. சரியான பதில் ரொம்பச் சின்னது: அந்தக் கன்சோல் நம் நாட்டில் விற்கப்படவில்லை. 2017இல் வந்த ஸ்விட்ச் இந்தியாவுக்கு முறைப்படி வரவே இல்லை, அதன் இணையக் கடையும் இந்தியாவுக்கு இல்லை. வேண்டுமென்றால் துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வருகிற மாமாவிடம் சொல்லிவைக்க வேண்டும், அல்லது வாரண்டி இல்லாமல் கிரே மார்க்கெட்டில் வாங்க வேண்டும். 2022 பிப்ரவரியில் 399 டாலரில் தொடங்கிய ஸ்டீம் டெக்கும் இங்கே முறைப்படி வரவில்லை. முறைப்படி வந்த அசூஸ் ஆர்ஓஜி அல்லையின் விலை 2023இல் 69,990 ரூபாய். அந்தக் காசில் நல்ல பழைய பைக்கே வாங்கிவிடலாம்.

இதில் உச்சம் 'ராஜி'. புணேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் செய்தது. 2017இல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டப் பார்த்துத் தோற்று, தட்டுத்தடுமாறி எழுந்து, 2020 ஆகஸ்டில் வெளிவந்தது. முதலில் வந்தது ஸ்விட்சில் மட்டும். இந்தியப் புராணத்தை வைத்து இந்தியர்கள் செய்த கேம், இந்தியாவில் முறைப்படி விற்காத ஒரு கன்சோலில் முதலில் வெளியானது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்குக் கிடைத்த நல்ல வாசல் அதுதான். ஆனால் வீட்டைக் கட்டியவன் வாசலில் நின்று எட்டிப் பார்க்க வேண்டிய நிலையை 'சாதனை' என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்த பத்திரிகைகளைக் குறை சொல்வேன்.

இதற்கு முன்னால் ஒரு காலம் இருந்தது. பிஎஸ்பி இந்தியாவில் முறைப்படி விற்றது. 2009, 2010 வாக்கில் ஹைதராபாத்தின் கேம்சாஸ்திரா கில்லி, கபடி எல்லாம் வைத்து 'தேசி அட்டா'வைச் செய்தது. மும்பையின் டிரைன் 'ஸ்ட்ரீட் கிரிக்கெட் சாம்பியன்ஸ்' செய்தது. அவை பெரிய கேம்கள் இல்லை. ஆனால் இங்கே செய்து இங்கே கடையில் வாங்கி இங்கே ஆடுவது என்ற வட்டம் கொஞ்ச காலம் சுற்றியது. அந்த வட்டம் அறுந்ததைத்தான் 'டேலண்ட் இல்லை' என்று பெயர் மாற்றிச் சொல்கிறோம்.

*

டேலண்ட் எங்கே இருக்கிறது என்று நான் காட்டுகிறேன். சரவணம்பட்டிப் பக்கம் வாருங்கள். என் நண்பன் ஒருவன் வெளிநாட்டு கேம்களுக்கு முப்பரிமாணப் பொருட்கள் செய்கிறான். வீரனின் இடுப்புப் பட்டை, வண்டியின் துருப்பிடித்த கதவு, கப்பலின் கயிற்று முடிச்சு. துருவை எங்கே வைத்தால் நிஜம்போல இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அவன் அப்பா லேத் பட்டறை வைத்திருந்தவர். செய்த கேமின் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். பத்து வருஷ வேலையில் காட்டுவதற்கு அவனிடம் ஒரு படம்கூட இல்லை.

இதற்கு நம் ஊரில் ஏற்கெனவே பெயர் உண்டு: ஜாப் ஒர்க். சோமனூர், பல்லடம் விசைத்தறிக்காரர்களைக் கேளுங்கள். பாவு நூல் அவர்களுடையது, தறி நம்முடையது, கரண்ட் பில் நம்முடையது, கூலியை அவர்கள் முடிவு செய்வார்கள். ஒப்புக்கொண்ட கூலி உயர்வைக் கேட்டு 2022 தொடக்கத்தில் வாரக்கணக்கில் தறிகளை நிறுத்திப் போராட வேண்டியிருந்தது. திருப்பூரில் தைக்கிற பனியனின் லேபிளில் திருப்பூர் இருக்காது. இந்திய கேம் தொழிலின் முன்னோடியான பெங்களூரின் துருவா இன்டராக்டிவ் 1997இல் தொடங்கியது. உலகத்தின் பெரிய கேம்களுக்கு வேலை செய்து கொடுத்தே பெயர் வாங்கி, 2019இல் ராக்ஸ்டார் கைக்குப் போனது. கெட்டிக்காரர்கள்தான். ஆனாலும் லேபிள் அடுத்தவருடையது.

"ஜாப் ஒர்க்தானுங்க சோறு போடுது" என்பீர்கள். போடுகிறது, மறுக்கவில்லை. என் நண்பன் வீட்டுக் கடனை அதில்தான் கட்டுகிறான். ஆனால் சோறு போடுவதற்கும் சொந்தப் பெயரில் ஒன்றைச் செய்வதற்கும் நடுவே இந்த ஊர் எப்போதும் ஒரு பாலம் போட்டிருக்கிறது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்மோட்டாரைச் செய்தது இங்கேதான். யாரோ வந்து 'உங்கள் திறமையைக் காதலிக்கிறோம்' என்று சொன்னதால் அவர்கள் செய்யவில்லை. கிணற்றில் தண்ணீர் ஆழத்தில் இருந்தது. மோட்டார் தேவைப்பட்ட விவசாயி பக்கத்து ஊரில் இருந்தார். செய்தவரும் வாங்கியவரும் ஒரே மண்ணில் நின்றார்கள். தொழில் அப்படித்தான் பிறக்கிறது.

*

கம்பெனிகளைத் திட்டியது போதும். நம்மைத் திட்டும் நேரம்.

நம் அரசுக்கு 'கேம்' என்றால் ரம்மி. ஆன்லைன் சூதாட்டத்தில் கடனாகி எத்தனையோ பேர் செத்தார்கள். அதைத் தடுக்கத் தமிழ்நாடு 2022இல் சட்டம் கொண்டுவந்ததும், ஆளுநர் திருப்பி அனுப்பியும் விடாமல் மறுபடி நிறைவேற்றியதும் சரியான வேலை. ஆனால் அந்த விவாதம் முழுக்க ஒரே சொல்லில் நடந்தது. 'ஆன்லைன் கேம்' என்றாலே சீட்டுக்கட்டு என்று செய்தித்தாள் எழுதியது, பெற்றோர் படித்தார்கள். இன்று ஒரு பையன் வீட்டில் "நான் கேம் செய்யப்போறேன்" என்றால், "அந்தச் சோலியே வேண்டாஞ்சாமி" என்று அம்மா அழுகிறார். சாராயத்தை ஒழிக்கும்போது பதநீரையும் கொட்டிவிட்டோம்.

இலக்கிய வாசகர்களான நமக்கு 'கேம்' என்றால் சின்னப்பிள்ளை விளையாட்டு. சுமாரான ஒரு படத்துக்கு ஐயாயிரம் வார்த்தையில் விமர்சனம் எழுதுகிறோம். 'வெண்பா'வைப் பற்றி எத்தனை பேர் உருப்படியாக எழுதினோம்? மொழியை மறந்த மகனுக்கும் மறக்க முடியாத அம்மாவுக்கும் நடுவே நடக்கும் கதை நாவலாக வந்திருந்தால் மூன்று கூட்டம் போட்டிருப்போம்.

இதைவிட மோசம், 'தமிழ்ப் பண்பாட்டை கேமில் கொண்டுவாங்க தம்பி' என்று கேட்கிறவர்கள். உடனே ஜல்லிக்கட்டு, சோழர் படை, கோயில் கோபுரம். 'ஸ்டார்ட்யூ வேலி'யை எரிக் பரோன் என்ற ஒற்றை ஆள் நான்கு வருஷத்துக்கும் மேல் உட்கார்ந்து செய்தார். அமெரிக்கப் பண்பாட்டைக் காப்பதற்காகச் செய்யவில்லை; ஒரு சின்னப் பண்ணை, ஒரு சின்ன ஊர், செடிக்குத் தண்ணி ஊற்றுகிற சுகம். பொள்ளாச்சியில் தென்னை வைத்திருக்கிற வீட்டுப் பையன்கள் தோப்புப் பக்கமே போகாமல் அதில் முள்ளங்கி விதைக்கிறார்கள். அவர்களைக் கேலி செய்யவில்லை, நானும் விதைத்தவன்தான். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் விலை விழும் நாளில் மூட்டையை விற்பதா, இன்னொரு வாரம் கிடங்கில் வைப்பதா என்று தவிக்கிற மனசு இருக்கிறதே, அதைவிடப் பரபரப்பான கேம் எங்கே இருக்கிறது? அதைச் செய்ய நமக்குப் பண்பாட்டுத் துறையின் அனுமதி வேண்டியதில்லை.

*

மொழி விஷயம் ஒன்று பாக்கி. தமிழில் கேம் செய்ய உட்கார்ந்தால் முதல் நாளே தட்டுப்படுவது இதுதான். 'கொங்கு' என்று எழுதுங்கள். 'கொ'வில் ஒற்றைக்கொம்பு 'க'வுக்கு முன்னாலும் கால் பின்னாலும் உட்கார வேண்டும். கணினி அதை ஒரே குறியாகச் சேமித்து, காட்டும்போது இரண்டாகப் பிரிக்கும். பிரிக்கத் தெரியாத எஞ்சின் மொத்தக் குறியையும் 'க'வுக்கு வலப்பக்கம் தள்ளிவிடும். கொங்கு என்ற பெயரையே எழுதத் தெரியாத எஞ்சின்! யூனிட்டியின் வழக்கமான எழுத்துக் கருவி வருஷக்கணக்காக இந்த வேலையைச் செய்யவில்லை. பழைய எழுத்துரு காலத்துத் தந்திரங்களைத் தோண்டியெடுத்தோ, வசனத்தைப் படமாக ஒட்டியோதான் சமாளிக்க வேண்டும். 2023இல் வந்த கோடோ 4 இந்தச் சிக்கலைத் தீர்த்தது. அது இலவசம், மூலநிரலும் திறந்தது. கோடி கோடியாகச் சம்பாதிக்கிறவர்கள் செய்யாததைத் தன்னார்வலர்களின் எஞ்சின் செய்தது. ஸ்விட்சின் மெனு மொழிகளிலோ இந்திய மொழி ஒன்றுகூட இல்லை. இந்த நிலையில் 'உலகின் எல்லாக் கதைகளும் எங்களுக்கு வேண்டும்' என்று மேடையில் சொல்வது யாரை ஏமாற்ற?

சோனி 2023இல் 'இந்தியா ஹீரோ புராஜெக்ட்' அறிவித்து, சில அணிகளுக்குப் பணமும் வழிகாட்டலும் தருகிறது. நல்லது. ஆனால் அது ஸ்காலர்ஷிப். பத்துப் பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டுவது பள்ளிக்கூடம் கட்டுவது ஆகாது.

ஆகவே அடுத்த முறை ஒரு கையடக்கக் கன்சோல் கம்பெனி இந்தியப் படைப்பாளிகளைத் தேடி வரும்போது நாம் கேட்க வேண்டியவை ஐந்து. ஒன்று: கன்சோலை இங்கே விற்கிறீர்களா? காந்திபுரத்தில் ஒரு கடையில் பில்லோடு வாங்க முடியுமா? இரண்டு: நாங்கள் வாங்கும் அதே கருவியில் எங்கள் கேமை ஏற்றிச் சோதிக்க முடியுமா, இல்லை தனிக் கருவிக்குத் தவம் கிடக்க வேண்டுமா? மூன்று: ரூபாயில், யுபிஐயில், நம் ஊர் விலையில் விற்க முடியுமா? நான்கு: தமிழ் எழுத்து உடையாமல் வருமா? ஐந்து: கடையை மூடினால் எத்தனை வருஷ முன்னறிவிப்பு, வாங்கியவர் கையில் கேம் தங்குமா? ஐந்துக்கும் பதில் எழுத்தில் வேண்டும். வாய்ப்பேச்சுக்கு எங்கள் பக்கம் மதிப்பு உண்டுதான், ஆனால் சொன்னவர் அதே ஊரில் இருந்தால் மட்டும்.

"இத்தனை கண்டிஷன் போட்டா எவன் வருவான்?" என்று ஒரு கேள்வி வரும். வராமல் போகட்டும். இரண்டாவது கோரிக்கையை நிறைவேற்றிய கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன. பானிக் நிறுவனம் 2022இல் கொண்டுவந்த 'பிளேடேட்' என்ற குட்டிக் கருவியில் யாரும் யாரிடமும் கேட்காமல் தங்கள் கேமை ஏற்றலாம், செய்யும் கருவிகள் இலவசம். ஸ்டீம் டெக் உள்ளுக்குள் ஒரு லினக்ஸ் கணினி. வீட்டு லேப்டாப்பில் செய்த கேம் பெரும்பாலும் அதில் அப்படியே ஓடும், ஸ்டீமில் விற்க ஒரு கேமுக்கு 100 டாலர்தான் கட்டணம். கதவு திறந்திருக்கிற வீட்டுக்கு முதலில் போவோம். பூட்டிய வீட்டின் முன்னால் கோலம் போட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

"எல்லார் கையிலும் ஃபோன் இருக்கே, அதுதானே நம்ம கன்சோல்?" என்பது இன்னொரு கேள்வி. இதுதான் கனமான கேள்வி. ஃபோனில் ஆள் இருக்கிறார்கள், ஆனால் காசு கொடுத்து கேம் வாங்குகிற பழக்கம் அங்கே இல்லை. இலவசமாகக் கொடுத்து, முப்பது விநாடிக்கு ஒரு விளம்பரம் போட்டு, நாளைக்கும் வந்தால் நாணயம் என்று ஆசைகாட்டித்தான் பிழைக்க முடியும். இரண்டு மணி நேரத்தில் தொடங்கி முடிந்து, மனதில் தங்கிவிடுகிற 'வெண்பா' போன்ற ஒன்று அந்தச் சந்தையில் மூச்சுவிட முடியாது. சிறுகதையை நிறுத்தி நிறுத்தி நடுவே சோப்பு விற்றால் அது சிறுகதையா? கேம் ஆடுவதற்கென்றே ஒரு கருவி, முழு கேமுக்கு ஒரு விலை என்ற ஏற்பாடு நமக்கு அதற்காகத்தான் வேண்டும்.

கடைசியாக, நாமே செய்ய வேண்டியது ஒன்று. கோவையின் மில்கள் தங்களுக்குள் போட்டி போட்டுக்கொண்டே 1956இல் சேர்ந்து சிட்ராவை உருவாக்கின. தனித்தனியே ஆய்வுக்கூடம் வைக்க வசதியில்லாத சின்ன பம்ப் தயாரிப்பாளர்களுக்காகத் தொழில் அமைப்புகள் சேர்ந்து சிட்டார்க்கைக் கட்டின. தங்கள் பம்பை எடுத்துப்போய்ச் சோதித்துக்கொள்ளலாம். கேமுக்கும் அதேதான் தேவை: ஓர் அறை, பத்துப் பதினைந்து கையடக்கக் கருவிகள், அவற்றில் தமிழ் எழுத்து சரியாக வருகிறதா என்று பார்க்கத் தெரிந்த ஒருவர், வெளிநாட்டு ஒப்பந்தத்தைப் படித்து எங்கே கையெழுத்துப் போடக்கூடாது என்று சொல்ல ஒரு வக்கீல். கோடிகள் வேண்டாம். பத்துப் பேர் சீட்டுப் போட்டால்கூட முதல் கருவிகள் வந்துவிடும். நம் பொறியியல் கல்லூரிகள் ஆண்டு விழாவுக்குச் செய்யும் லைட்டிங் செலவில் மிச்சமும் வரும்.

அந்த அறை இருந்தால், அடுத்த கன்சோல் கம்பெனி நம்மைத் தேடி வரும்போது அதன் கருவியையும் நம் மேசையில் வைத்து, மற்றவற்றோடு ஒப்பிட்டு, குறையை எழுதிக் கொடுப்போம். அப்புறம் உட்கார்ந்து ரேட் பேசலாம்.